பிரிச்சுப் போட்ட அம்பாசடர் மார்க் 4: தொடரலாமா, விட்டுடலாமா?

குப்பனூர் ரோடு:

வணக்கம்ங்க. சேலம் கன்னங்குறிச்சியில ஒரு வாடகை ஷெட்டுல 1984 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி, பிரிச்ச நிலையில நிக்குது. ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்துல மண் தரை ஷெட்டுல கிடந்த வண்டி. 2004க்கு அப்புறம் ரோட்டுல ஏறல. முழுசா புதுசாக்கணும்னு இறக்கிக் கொண்டாந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போதைய நிலவரம் இதுதான்:

எஞ்சின் இறக்கி டயர் மேல இருக்கு. பிளக் நாலையும் கழட்டிட்டு கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டா அசையல. ஹெட் இன்னும் திறக்கல. கியர்பாக்ஸ் தனியா கிடக்கு. நாலு கதவு, பானெட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர் எல்லாம் கழட்டிச் சுவத்துல சாய்ச்சிருக்கு. கூடு மட்டும் சக்கரத்துல நிக்குது. இடது பக்கம் பெயிண்ட் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சது, இப்ப அதுக்கு மேலயே பழுப்புப் புள்ளி கிளம்பியிருக்கு. டிரைவர் கால் வெக்கற இடத்துல ஃப்ளோர்ல ரெண்டு ஓட்டை. வயரிங்கை எலி கடிச்சிருச்சு. நட்டு போல்ட் மொத்தமும் மூணு சிமெண்ட் சாக்குல கலந்து கிடக்கு, எது எங்க இருந்ததுன்னு குறிப்பு இல்ல.

ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்லதான். அவர் காலமாயிட்டார், மகன் கையெழுத்துப் போடத் தயார். 1999ல ஒரு தடவை புதுப்பிச்சிருக்கு, அது 2004ல முடிஞ்சிருச்சு.

வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். தை பிறந்ததும் ஷெட்டைக் காலி பண்ணணும். இப்ப புரட்டாசி. ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா எதுல கை வெக்கறதுன்னே தெரியாம திரும்பி வர்ற நிலைமை. தொடரணுமா, இப்படியே வித்துடணுமா, இல்ல உடைக்கக் கொடுத்துடணுமா? எதை வெச்சு இதை முடிவு பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை டிங்கர்:

எஞ்சின் சுத்தலைங்கறதை இப்போதைக்கு மறந்துடுங்க. இந்த வண்டி நிக்குமா போகுமான்னு கூடுதான் சொல்லணும்.

அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. லாரி மாதிரி ரெண்டு நீளச் சட்டத்து மேல பாடியைத் தூக்கி வெச்ச வண்டி இல்ல இது. ஃப்ளோர், கதவுக்குக் கீழ நீளமா ஓடற பாக்ஸ், குறுக்குச் சட்டம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு வெல்டாகி நிக்கற கூடுதான் சேசிஸ். அதனால துரு எவ்வளவு இருக்குன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எங்க இருக்குன்னு பாருங்க. ஃபெண்டர் நுனி, கதவு அடி, டிக்கி தரை, நீங்க சொன்ன ஃப்ளோர் ஓட்டை எல்லாம் கண்ணுக்குப் பயமா தெரியும். அதெல்லாம் தகடு வெட்டி ஒட்டற வேலை, முடிஞ்சுரும். வண்டியோட தலையெழுத்து நாலு இடத்துல இருக்கு: கதவுக்கடி பாக்ஸ், ஜாக் வெக்கற இடம், பின் பட்டை ஸ்பிரிங்கோட முன்முனை கூட்டுல மாட்டற இடம், முன் டார்ஷன் பாரோட (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை செய்யற முறுக்குக் கம்பி) பின்முனையைப் பிடிச்சிருக்கற குறுக்குச் சட்டம்.

சோதனைக்கு ஒரே ஒரு ஞாயிறு போதும். பழைய பட்டை ஸ்க்ரூ டிரைவர், சின்ன சுத்தி, கம்பி பிரஷ், கெட்டுப்போன ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தம், சாக்பீஸ். வண்டியை இரும்பு ஸ்டாண்டு மேல ஏத்துங்க. ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஹாலோ பிளாக் மேலயும் வெக்காதீங்க, அது விரிசல் காட்டாமலே நொறுங்கும்.

ஜாக் இடத்துல இருந்து ஆரம்பிங்க. கம்பி பிரஷ்ல மண்ணைத் தள்ளிட்டு ஸ்க்ரூ டிரைவர் முனையை வெச்சு உள்ளங்கையால ஒரு அமுக்கு. நல்ல தகடுன்னா முனை வழுக்கிட்டுப் போகும், ஒரு வெள்ளிக் கோடு விழும். கெட்ட தகடுன்னா மேல் பெயிண்ட் முட்டை ஓடு மாதிரி விரியும், முனை உள்ள இறங்கும், வெளிய இழுத்தா ஏடு ஏடா உரிஞ்ச துருவும் மண்ணும் கலந்து கொட்டும். அங்கிருந்து அரை அங்குலம் அரை அங்குலமா நகர்த்திக் குத்திக்கிட்டே போங்க. முனை இறங்காத இடம் வந்ததும் சாக்பீஸ்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு வெளிய ரெண்டு அங்குலம் சேர்த்தா அதுதான் வெட்ட வேண்டிய அளவு. காந்தம் வழுக்கற இடத்துல தகடு இல்ல, பள்ளத்தை அடைச்சுப் பூசின பட்டிதான் இருக்கு. சுத்தியால தட்டினா அங்க "டிங்"குனு வராது, "தொப்"புனு வரும்.

நாலு இடமும் கெட்டியா இருந்தா யோசிக்காம தொடருங்க. கதவுக்கடி பாக்ஸும் ஜாக் இடமும் மட்டும் போயிருந்தா நல்ல டிங்கர் கையில கட்டாயம் சரியாகும். ஸ்பிரிங் மாட்டற இடம் ரெண்டு பக்கமும் போய், டார்ஷன் பார் சட்டமும் இறங்குச்சுன்னா நிறுத்திடுங்க. அந்த ரெண்டு இடத்துலயும் அளவு நாலஞ்சு மில்லி தப்பினா வண்டி நேரா ஓடாது, டயரை ஒரு பக்கமா தின்னும். அளவு கட்டை வெச்சு அதைச் சரியாத் திரும்பக் கட்டறது தெருப் பட்டறையில ஆகற காரியம் இல்ல.

பாக்ஸ் வெட்டற வேலைக்கு வந்தீங்கன்னா ஒண்ணு மறக்காதீங்க. கதவை எல்லாம் திரும்ப மாட்டாம வெட்டாதீங்க. கதவு இல்லாத ஓப்பனிங்ல பாக்ஸையும் வெட்டினா கூடு நடுவுல தொங்கிடும், அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. முதல்ல கதவை மாட்டி, சுத்தி உள்ள இடைவெளியை மேல, நடு, கீழ மூணு இடத்துல அளந்து எழுதுங்க. ஓப்பனிங்ல ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பைக் குறுக்கா வெச்சுப் புள்ளி வெல்டு. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சு, அளவை ஒத்துப் பார்த்துட்டுத்தான் மறுபக்கம். தகடு 18 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) ஷீட், அதாவது 1.2 மில்லி. மேல் தோலுக்கு 20 கேஜ் போதும். கோ-டூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்ல ஒரு அங்குலம் வெச்சு, தள்ளிப் போய் இன்னொரு அங்குலம், சூடு ஆறட்டும். கேஸ் வெல்டிங் வெச்சா சூடு பரவி தகடு அலை அடிக்கும். துருத் தகடு மேலயே புதுத் தகட்டை ஒட்டிக் கொடுக்கறவர்கிட்ட வேலையைக் கொடுக்காதீங்க. ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஈரம் நின்னு, புதுசும் சேர்ந்து போயிரும்.

அந்த ரெட் ஆக்சைடு விஷயம்: வெறும் ரெட் ஆக்சைடு தண்ணியைத் தடுக்காது, உறிஞ்சும். மேல சர்ஃபேசரும் பெயிண்டும் ஏறினாத்தான் அதுக்குப் பலன். மாசக்கணக்குல வெறும் ஆக்சைடுல நிறுத்தினா உள்ள துரு ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதைச் சுரண்டிட்டு எபாக்சி பிரைமர் அடிங்க. ஐப்பசி மழையில சுரண்டின தகட்டை ராத்திரி வெறுமனே விடாதீங்க, காலையில மஞ்சள் பூத்திருக்கும். அன்னிக்கு எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் சுரண்டுங்க.

எஸ்யூ நீடில்:

டிங்கர் அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனா எஞ்சினை முழுசா மறக்க வேண்டாம்ங்க, ஹெட்டை மட்டுமாவது திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. வாங்க வர்றவர் கேக்கற முதல் கேள்வி அதுதான்.

நின்ன எஞ்சின் இறுகறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு சிலிண்டர்தான். நின்னப்ப எந்த சிலிண்டர்ல வால்வு திறந்து இருந்துச்சோ அதுக்குள்ள ஏற்காட்டு ஈரக் காத்து போய், ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால ஒட்டியிருக்கும். இழுவை கட்டி கியர்ல போட்டு இழுக்கறது, ஸ்பேனர்ல நீளப் பைப் சொருகி ஏறி நிக்கறது எல்லாம் வேண்டாம். ரிங் உடையும், வால்வு ஒட்டியிருந்தா புஷ் ராட் வளையும்.

ஹெட்டைத் திறக்கறப்ப ஒரு விவரம்: இந்த எஞ்சின்ல ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கற நட்டுகள்ல சிலது ஹெட் நட்டும்தான். ராக்கரை மட்டும் தனியா எடுக்க முடியாது, எடுத்தாலே ஹெட் கேஸ்கட் புதுசு போட்டாகணும். அதனால தண்ணியை வடிச்சு, நட்டை எல்லாம் ஒரே சீரா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி, ஹெட்டோட சேர்த்தே தூக்கிருங்க. புஷ் ராட் எட்டையும் ஒரு அட்டையில ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எழுதி, அதே வரிசையில சொருகி வெய்ங்க.

ஹெட் வந்ததும் பிஸ்டன் தலையைத் துடைச்சுப் பாருங்க. 020, 040ன்னு குத்தியிருந்தா அது ஏற்கெனவே ரீபோர் பண்ணின, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு அகலமாக்கின அளவு, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு. 020ன்னா 0.5 மில்லி. ஒண்ணும் குத்தலைன்னா ஸ்டாண்டர்டு, 73 மில்லி போர் (சிலிண்டர் உள்விட்டம்). 020 வரைன்னா இன்னும் ரெண்டு தடவை ரீபோருக்கு இடம் இருக்கு. 040 இருந்து சுவர்லயும் குழி விழுந்திருந்தா சிலிண்டருக்குள்ள லைனர்ங்கற புதுக் குழாய் இறக்கணும், செலவு கூடும். அப்பவும் வண்டியைக் கைவிடற அளவுக்குப் பெரிய விஷயம் இல்ல. சேலத்துல லாரி எஞ்சின் போர் பண்ற லேத்துக்குப் பஞ்சமே இல்ல. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்னும் கிடைக்குது. அம்பாசடர் 2014 வரைக்கும் கொல்கத்தா பக்கம் உத்தர்பாரா தொழிற்சாலையில இருந்து இறங்கின வண்டி, அது ஒரு பெரிய பலம். இங்க கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில கிடைக்கும். கிடைக்காம அலைய வைக்கறது மார்க் 4 முன் கிரில், நல்ல பம்பர், குரோம் பட்டை, கதவு பீடிங் ரப்பர். அதுங்க உங்ககிட்ட முழுசா இருக்கான்னு முதல்ல எண்ணுங்க.

ஒட்டின சிலிண்டர்ல கியர்பாக்ஸ் ஆயிலும் தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து, பிஸ்டன் மேல ஒரு விரல் உயரம் நிக்கற அளவு ஊத்தி ஒரு வாரம் விடுங்க. குறைஞ்சா மேல ஊத்துங்க. பக்கத்துல நெருப்பு கூடாது. அப்புறம் கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா ஆட்டுங்க. ஒரு மயிரிழை அசைஞ்சாப் போதும், மீதியை நாள் பார்த்துக்கும்.

வாட்டர் ஜாக்கெட்டையும் பாருங்க. சேலத்து போர்வெல் தண்ணி உப்பு. வருஷக்கணக்குல அதையே ராடியேட்டர்ல ஊத்தின வண்டியில நாலாவது சிலிண்டரைச் சுத்தி வெள்ளைக் கல்லு மாதிரி படிஞ்சிருக்கும். பிளாக் பக்கவாட்டு வட்டத் தகடு பிளக்கைத் தட்டி எடுத்துக் கம்பி விட்டுக் கிளறணும். பிளக் புதுசு போடுங்க, விலை ஒண்ணுமே இல்ல.

இப்ப அந்த மூணு சாக்கு. இதுதான் உங்களைச் சோர்வாக்கற விஷயம்னு நினைக்கிறேன், அதனால விவரமா சொல்றேன். இந்த வண்டியில பெரும்பாலும் யூ.என்.எஃப். மரை, அதாவது அங்குல அளவுல நெருக்கமா வெட்டின மரை. 5/16 போல்ட்டோட தண்டு 7.94 மில்லி, கடையில கிடைக்கற எம்8 போல்ட்டு 8 மில்லி. கையில வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா 5/16ல அங்குலத்துக்கு 24 மரை, எம்8ல ஏறக்குறைய 20. எம்8 போல்ட்டை இந்த ஓட்டையில திருகினா முதல் ஒண்ணரைச் சுத்து சுலபமா போகும், அப்புறம் இறுகும். துருன்னு நினைச்சு ஸ்பேனர் போட்டு இழுத்தா உள்மரை சீவிக்கிட்டு வரும். அதனால சாக்குல இருக்கறதுல ஒரு போல்ட்டைக்கூட வீசாதீங்க. கெரோசின்ல ஊற வெச்சு, தண்டு பருமன் வாரியா 1/4, 5/16, 3/8, 7/16ன்னு நாலு டிரே. நிச்சயமா தெரிஞ்ச ஒரு யூ.என்.எஃப். நட்டைக் கையில வெச்சுக்கிட்டு, விரலால கடைசி வரைக்கும் போறதை மட்டும் டிரேயில போடுங்க. ரெண்டு ஞாயிறு ஆகும். ஸ்பேனரும் அங்குல செட் வேணும். அரை அங்குலத் தலை 12.7 மில்லி. 13 போட்டா ஆடும், துருப்பிடிச்ச தலையை உருட்டி விட்டுடும்.

வயரிங் ஒட்டுப் போட வேண்டாம். முழு செட்டா புதுசு.

ஃபாரம் 25:

வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பேப்பர் சரியாகாமல் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்பது என் கருத்து. காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் பரிவாகன் என்னும் அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2004-இல் காலாவதியான பழைய பதிவுகள் பல, கணினியில் ஏறாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டிலேயே இருக்கும். அப்படியானால் அசல் ஆர்.சி. புத்தகத்தோடு போய் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்ல வேண்டும். அது முடியாமல் வேறு எந்த விண்ணப்பமும் நகராது.

அடுத்தது உரிமை. மகன் கையெழுத்துப் போடத் தயார் என்கிறீர்கள். ஆனால் இறந்தவர் பெயரிலிருந்து நேராக உங்கள் பெயருக்கு அவர் விற்க முடியாது. அவர் வாரிசாகத் தன் பெயருக்கு மாற்ற ஃபாரம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாம் இதற்கு வேண்டும். அதன்பிறகு அவரிடமிருந்து உங்களுக்கு ஃபாரம் 29, 30. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு ஏதாவது இருந்தால் ஃபாரம் 35-உம் சேரும். வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் சம்மதமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். ஒருவர் மறுத்தாலும் வண்டி உங்கள் பெயருக்கு வராது.

புதுப்பிக்க ஃபாரம் 25. தனியார் காருக்கு முதல் 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பு. கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. வண்டியை ஓடும் நிலையில் ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். ஆகவே உரிமை மாற்றத்துக்கான காகிதங்களை இப்போதே சேருங்கள், புதுப்பிப்பு வண்டி ஓடத் தொடங்கியபின். மாற்றத்தையும் புதுப்பிப்பையும் எந்த வரிசையில் வாங்கிக்கொள்வார்கள் என்று உங்கள் ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"பழைய வண்டிதானே, விண்டேஜில் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். 2021 விதிப்படி அதற்கு 50 ஆண்டு நிறைய வேண்டும். உங்கள் 1984 வண்டிக்கு அது 2034-இல்தான். அப்போதும் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது.

டிங்கர் வேலை தொடங்குமுன் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்து, பென்சில் ட்ரேஸ் எடுத்து, படமும் எடுத்து வைத்துவிட்டு, அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கிரைண்டர் ஒருமுறை அதன்மேல் ஓடினால் பிறகு திருட்டு வண்டி அல்ல என்று நிரூபிப்பதே பெரும்பாடு. எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதுதானா பாருங்கள். இறுகிய எஞ்சினை விட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாட்டும் எண்ணம் வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். காலாவதியான ஆர்.சி.யை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக வேண்டாம்.

அடிவாரம்:

தம்பி, "முழுசா புதுசாக்கணும்"ங்கற அந்த ஒரு வார்த்தைதான் உங்களை அமுக்குது. வண்டியைக் கைவிடறதுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தைக் கைவிட்டுப் பாருங்க. ஓடற வண்டி ஒரு வேலை, காட்சிக்கு வெக்கற வண்டி வேற வேலை. ஓடற வண்டிக்கு கெட்டியான கூடு, பிரேக், ஸ்டீரிங், கூலிங், வயரிங், எஞ்சின். அவ்வளவுதான். பெயிண்ட், குரோம், உள் ரெக்சின் எல்லாம் அடுத்த வருஷம், இல்ல அதுக்கடுத்த வருஷம். பிரிச்சு மூலையில கிடக்கற வண்டியை விட, ப்ரைமர் கலர்ல ஓடற வண்டி பல மடங்கு மேல்.

நேரக் கணக்கை நேர்மையா போடுங்க. வருஷத்துல 52 ஞாயிறு. கல்யாணம், திருவிழா, மழை, உடம்பு முடியாத நாள் எல்லாம் போனா 35 நிக்கும். ஒரு ஞாயித்துக்குச் சாமான் எடுத்து வெக்கறது போக நாலு மணி நேரம் உருப்படியான வேலை. ஆக வருஷத்துக்கு 140 மணி நேரம். ஒரு நோட்டுல மீதி வேலையை ஒவ்வொண்ணா எழுதி, பக்கத்துல மணி நேரத்தை எழுதி, அதை ரெட்டிப்பாக்குங்க. துருப்பிடிச்ச வண்டியில ஒவ்வொரு போல்ட்டும் உங்க கணக்கை விட ரெண்டு மடங்கு நேரம் கேக்கும். மொத்தம் 300 தாண்டினா பாடி வேலையை வெளிய கொடுத்துட்டு மெக்கானிக்கல் மட்டும் நீங்க வெச்சுக்கங்க. வெளிய கொடுக்கக் காசு இல்ல, நேரமும் 300 தாண்டுதுன்னா விக்கறதுதான் சரி. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

என் கணக்குல கூடு, எஞ்சின் எல்லாத்தையும் விட ஷெட்டுதான் பெரிய கேள்வி. தைக்கு அப்புறம் கூரையுள்ள இடம் கிடைக்கலைன்னா கூடு நல்லா இருந்தாலும் வித்துடுங்க. தார்ப்பாயைப் போர்த்தி வெளிய நிறுத்தறதுக்குப் போர்த்தாமலே நிறுத்தலாம். பிளாஸ்டிக் தார்ப்பாய் ராத்திரி ஈரத்தை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும். திரும்ப ஏற்காட்டுத் தோட்டத்துக்கு ஏத்தி வெக்கலாம்னும் யோசிக்காதீங்க. மேல பனிமூட்டம் தகட்டுல வேர்வையா இறங்கும், மண் தரையில இருந்து ஈரம் மேல வரும். உங்க ஃப்ளோரைத் தின்னது அந்த மண் தரைதான். கீழ சேலத்துல சிமெண்ட் தரை, காத்து ஓடற தகரக் கூரை கிடைச்சாப் போதும்.

தொடர்ந்தா ஒருநாள் ஏற்காடு மலை ஏத்தத்தான் போறீங்க. 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கறப்ப நாலு சக்கரமும் டிரம் பிரேக். அதனால பிரேக்குல பழசு எதையும் விட்டு வெக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் கிட் (உள் ரப்பர் செட்) மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு தோணும். உள்சுவர்ல விரல் நகம் தட்டுப்படற அளவு குழி இருந்தா கிட் ரெண்டு மாசம்கூடத் தாங்காது, சிலிண்டரே புதுசு போடுங்க. ரப்பர் ஹோஸ் வெளிய பளபளன்னு இருந்தாலும் மாத்துங்க. நின்ன வண்டியில அது உள்ள ஊதி அடைச்சிருக்கும். பெடலை மிதிச்சா ஆயில் போகும், காலை எடுத்தா திரும்பாது, அந்தச் சக்கரம் பிடிச்சபடியே ஓடி டிரம் கொதிக்கும். கொதிச்சா ஆயில்ல இருக்கற ஈரம் ஆவியாகி பெடல் தரையைத் தொடும், அதுவும் இறக்கத்துல. பிரேக் ஆயில் சீல் உடைக்காத டப்பா வாங்குங்க, மீந்ததை அடுத்த வருஷத்துக்கு வெக்காதீங்க.

பெட்ரோல் பம்ப் டயாபிரமும் ஹோஸும் எத்தனால் தாங்கற ரப்பரா கேட்டு வாங்குங்க. இப்ப பங்க்குல வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பழைய ரப்பரைப் பிசின் மாதிரி ஆக்கிடும்.

விக்கறதுன்னு முடிவானா இப்படியே விக்காதீங்க. சாக்குல இருக்கற காரை வாங்குறவர் இரும்பு எடைக்குத்தான் கேப்பார். ஒரு மாசம் மட்டும் போடுங்க. கதவு, பானெட், டிக்கி, ஃபெண்டரை ரெண்டு ரெண்டு போல்ட்லயாவது மாட்டிருங்க. எஞ்சினைக் கூட்டுக்குள்ள இறக்கி உக்கார வெய்ங்க. கார் மாதிரி தெரியணும். மீதியைப் பெட்டியில பிரிச்சு, மேல எழுதி ஒட்டுங்க. துரு இருக்கற இடத்தை மறைக்காம படம் போடுங்க. வாரிசுக் காகிதம் கையில இருக்கணும். உடைக்கக் கொடுக்கறதா இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காதீங்க. ஆர்.சி. உயிரோட இருக்கும், நாளைக்கு அந்த நம்பர் வேற எங்கயாவது ஓடினா வாரிசு தலையில விழும். அரசு அனுமதி பெற்ற ஸ்கிராப் மையத்துல கொடுத்து, வண்டியை ஒப்படைச்சதுக்கான டெபாசிட் சர்ட்டிபிகேட் வாங்குங்க. புது வண்டி வாங்குறப்ப அதைக் காட்டினா பதிவுக் கட்டணம் இல்ல.

குப்பனூர் ரோடு:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு ஞாயிறு போட்டுப் பார்த்ததை எழுதறேன்.

டிரைவர் பக்க ஜாக் இடம் முழுசா இறங்குது. அதை ஒட்டி கதவுக்கடி பாக்ஸ்ல 14 அங்குல நீளம் போயிருக்கு. இடது பக்க பாக்ஸ் கெட்டி. பின் ஸ்பிரிங் மாட்டற இடம் ரெண்டும் கெட்டி, வெள்ளிக் கோடுதான் விழுது. டார்ஷன் பார் சட்டம் மேல கிரீஸும் மண்ணும் அரை அங்குலத்துக்கு அப்பியிருந்துச்சு, சுரண்டினா உள்ள பழைய பெயிண்டே இருக்கு.

ஹெட் திறந்தாச்சு. பிஸ்டன்ல 020ன்னு குத்தியிருக்கு. மூணாவது சிலிண்டர்ல மட்டும் துரு வளையம். ஊத்தி வெச்சு எட்டாவது நாள் அசைஞ்சிருச்சு. வாரிசு மூணு பேர், மூணு பேரும் சம்மதம். வண்டி நம்பர் பரிவாகன்ல இல்ல, பேக்லாக் போடணும். நோட்டுக் கணக்கு பாடி வேலை சேர்த்து 340 மணி நேரம், பாடியைக் கழிச்சா 190. சாக்குல ஒண்ணு பிரிச்சு முடிஞ்சுது. அயோத்தியாப்பட்டணத்துல சிமெண்ட் தரையோட ஒரு இடம் பேசியிருக்கு.

ஒரு சந்தேகம். கதவை மாட்டி அளந்ததுல டிரைவர் கதவோட பின் ஓரத்துல மேல 3 மில்லி, கீழ 7 மில்லி இடைவெளி. மத்த மூணு கதவும் மேல கீழ ஒரே மாதிரி. கூடு தொங்கிருச்சா?

செவ்வாய்ப்பேட்டை டிங்கர்:

ஸ்பிரிங் இடமும் டார்ஷன் சட்டமும் கெட்டின்னா வண்டியை விடாதீங்க. பாடியை வெளிய கொடுத்துட்டு, அந்த 190 மணி நேரத்தை நீங்க வெச்சுக்கங்க.

அந்த 3, 7 கணக்கு: கூடு தொங்கியிருந்தா அதே பக்கத்துப் பின் கதவோட இடைவெளியும் மாறியிருக்கும். அது சரியா இருக்கறதால கதவு ஹிஞ்சு மேலதான் சந்தேகம். கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தைக் கையால மேல தூக்குங்க. கீல் ஆணியில ஆட்டம் தெரிஞ்சா ஆணி தேய்ஞ்சிருக்கு, 84லேர்ந்து டிரைவர் ஏறி இறங்கின கதவு அதுதானே. ஆணி மாத்திட்டுத் திரும்ப அளங்க. ஆட்டமே இல்லாம 3, 7ன்னே நின்னா, ஜாக் இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, நடுவுல பாட்டில் ஜாக்கை மரக்கட்டை மேல வெச்சு மயிரிழையா ஏத்தி இடைவெளி சமமாகற இடத்துல நிறுத்தி, அந்த நிலையில குறுக்குப் பைப்பை வெல்டு வெய்ங்க. அப்புறம்தான் வெட்டணும். ஆணி பார்க்காம ஜாக் கொடுத்தா நல்ல கூட்டை நீங்களே வளைச்சதாயிடும்.

இடம் மாத்தறதுக்கு முன்னாடி இந்த 14 அங்குலத்தை முடிச்சிருங்க. கெட்ட பாக்ஸோட டெம்போவுல ஏத்தி அயோத்தியாப்பட்டணம் வரை குலுக்கினா, கட்டற கயிறோட இழுவையிலயே கூடு விலகும். குறுக்குப் பைப்பை வண்டி புது இடத்துல இறங்கற வரைக்கும் எடுக்காதீங்க.

இன்னொண்ணு, பெட்ரோல் டாங்கைப் பத்தி நீங்க எழுதவே இல்ல. இன்னும் வண்டியிலதான் இருக்குன்னா வெல்டர் வர்றதுக்கு முந்தின நாளே இறக்கி, ஷெட்டுக்கு வெளிய தூரமா வெச்சிருங்க. 20 வருஷமா காலியா இருந்தாலும் உள்ள ஆவி இருக்கும். முன்னாடி போற பெட்ரோல் பைப்பையும் ஊதி விட்டு ரெண்டு முனையையும் அடைங்க. வெல்டு நடக்கறப்ப உள் பக்கம் ஒருத்தர் ஈரச் சாக்கோடயும் ஒரு பக்கெட் மணலோடயும் நிக்கணும். பழைய அண்டர்கோட்டும் கார்பெட் பசையும் வெளிய தெரியாமப் புகையும். வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துட்டு ஷெட்டைப் பூட்டுங்க.